காது அடைப்பு: எண்ணெய் விட்டுக் காத்திருக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கானாடுகாத்தான் பக்கத்து ஊரில் இருக்கும் உங்கள் அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, வயது 71. சர்க்கரை நோய் உண்டு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மறுநாள் காலை எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டது, உள்ளே ஓர் இரைச்சல், வலி இல்லை. இன்றோடு நான்கு நாள். ஆத்தா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு வேளை விட்டுப் பார்த்துவிட்டார். மருந்துக் கடையில் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர் திருச்சியிலிருந்து விமானமேறி சிங்கப்பூருக்கு உங்களிடம் வர வேண்டும். ஊரில் இருக்கும் உங்கள் கைக்குழந்தைக்கும் குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடச் சொல்கிறார்கள், விடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கேள்வி எண்ணெயைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: இதை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம்? அதற்கு என் பதில், பொறுக்க வேண்டாம் என்பதுதான். நாளைக் காலையே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தக் காதுக்குள் பார்த்தாக வேண்டும்.

நான் காரைக்குடியில் பல ஆண்டுகளாகக் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அப்பச்சியின் காதை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் வரலாறு எனக்கு மிகவும் பழக்கமானது. அது ஏன் என்னைப் பதற்றப்படுத்துகிறது என்பதை மட்டும் விளக்க முடியும்.

காது அடைத்தது போன்ற உணர்வு இரண்டு முற்றிலும் வேறான காரணங்களால் வரும், அனுபவிப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று, வழியில் தடை: குறும்பி உருண்டு அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். இன்னொன்று, வழி திறந்தே இருக்கும், உட்செவியின் நரம்பு ஒரே இரவில் வேலை நிறுத்தியிருக்கும். இதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்கிறோம். மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் 30 டெசிபலுக்குக் குறையாமல் கேள்திறன் விழுந்தால் அந்தப் பெயர். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். தூங்கி எழும்போது தெரிய வருவது சாதாரணம். வலி இருக்காது. இரைச்சல் இருக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் சேரும். நரம்பு செத்ததுபோல் இருக்க வேண்டிய இடத்தில் 'அடைப்பு' என்ற உணர்வு வருவதால் எல்லோரும் குறும்பி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணெயும் சொட்டு மருந்துமாக மூன்று வாரம் ஓட்டிவிட்டு வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்கள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் செவிப்பறை பளபளவென்று சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தமான காதைப் பார்ப்பதுதான் எனக்குத் துயரமான காட்சி, ஏனென்றால் சிகிச்சைக்கான நல்ல நாட்கள் அதற்குள் போயிருக்கும்.

இன்றிரவே தொலைபேசியில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். முதலில் உங்கள் காதிலேயே செய்யுங்கள்: ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் முனகுங்கள். முனகல் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். வழியில் தடை இருந்தால் அப்படித்தான். இப்போது அப்பச்சியை, விரல் எதுவும் வைக்காமல், அதேபோல் முனகச் சொல்லுங்கள். முனகல் அடைத்த வலது காதில் உரக்கக் கேட்டால் குறும்பியோ நீரோ இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதான இடது பக்கம் போய்விட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நாங்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. இதை முழுதாக நம்ப முடியாது. அவருக்கு ஏற்கெனவே இரு காதும் ஏறுக்குமாறாகக் கேட்டுக்கொண்டிருந்தால் விடை குழம்பும். எனவே நல்ல விடை வந்தது என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். மோசமான விடை வந்தால் அன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள். கேள்திறன் குறைந்ததோடு வாய் கோணுதல், பேச்சு குழறுதல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாடுதல் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது காது மருத்துவரைத் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

நரம்பு இழப்பு என்று கேள்திறன் பரிசோதனையில் உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரை தருவோம். இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணிசமான பேருக்கு மருந்தில்லாமலேயே ஓரளவு கேள்திறன் திரும்புகிறது. ஆகவே ஸ்டீராய்டால் எத்தனை பேர் கூடுதலாகத் தேறுகிறார்கள் என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதே நடைமுறை. தாமதித்து வந்தவர்களைவிட முதல் சில நாட்களில் வந்தவர்கள் நன்றாகத் தேறுவதைத்தான் மருத்துவர்கள் எல்லா இடத்திலும் கண்டிருக்கிறார்கள். இழப்பதற்கு அதிகமில்லை, பெறுவதற்குக் காது இருக்கிறது என்பதால் நான் தயங்காமல் கொடுக்கிறேன். அப்பச்சிக்குச் சர்க்கரை இருப்பதால் மாத்திரை இரத்தச் சர்க்கரையை ஏற்றும். தினமும் அளந்து பார்த்துத் தர வேண்டும், அல்லது செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஊசியால் மருந்து செலுத்த வேண்டும். அந்த ஊசி முறையில் மருந்து பெரும்பாலும் காதோடு நின்றுவிடுவதால் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. மாத்திரை பலிக்காதவர்களுக்கும் ஆறு வாரம் வரை இந்த ஊசி ஒரு வாய்ப்பு. கூடவே எம்.ஆர்.ஐ. ஒன்று எடுக்கச் சொல்வார்கள். செவி நரம்பில் அரிதாக வளரும் கட்டி சில வேளை முதலில் இப்படித் தலைகாட்டும் என்பதற்காகத்தான் அது. அதைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். பெரும்பாலானோருக்கு அதில் ஒன்றும் இருக்காது.

வெறும் குறும்பியாகவே இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. சனிக்கிழமை குளியலுக்கு மறுநாள் என்பது அந்தப் பக்கமும் சாய்கிறது: காய்ந்த குறும்பி தண்ணீர் பட்டு ஊறிப் பருத்து, அதுவரை திறந்திருந்த இடுக்கையும் அடைத்துவிடும். காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. காதின் தோல் செவிப்பறையிலிருந்து வெளியே பார்த்து மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவு அதற்கு உதவும். ஆக, குறும்பி தானாகவே வெளியேறும் ஏற்பாட்டோடுதான் காது அமைந்திருக்கிறது. அதன் சற்றே அமிலத் தன்மையும் பிசுபிசுப்பும் கிருமியையும் தூசியையும் தடுக்கின்றன. பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி, கொண்டை ஊசி, கோழி இறகு, வண்டிச் சாவி என்று எதை விட்டாலும் கொஞ்சம் வெளியே வரும், மிச்சம் சுரப்பே இல்லாத உட்பகுதிக்குத் தள்ளப்படும். அங்கே தோல் எலும்பின்மேல் தாள்போல் ஒட்டியிருக்கிறது, லேசாக உரசினாலும் கீறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தக் கீறல் பெரிய ஆபத்து. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதன் வழியே எலும்பு வரை இறங்கி, இரவெல்லாம் தூங்கவிடாத வலியும், சீழும், கடைசியில் முகவாதமும் உண்டாக்கும். முதியவர்களின் உயிரையே வாங்கக்கூடிய தொற்று அது. அப்பச்சிக்குக் காதில் குடைச்சலான வலி புதிதாகத் தொடங்கினால் அதையும் மருத்துவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

குறும்பி எடுக்க மருத்துவர் உறிஞ்சு குழாயோ கொக்கியோ பயன்படுத்துவார், அல்லது உடல் சூட்டில் உள்ள நீரைப் பீய்ச்சுவார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே தலை சுற்றிவிடும், எனவே சூடு பார்த்துத்தான் விடுவோம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கு நீர் பீய்ச்சக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு உறிஞ்சி எடுப்பதையே நான் விரும்புவேன். வாரச் சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் காது சுத்தம் செய்து தருவதாகச் சொல்பவர்களிடம் தயவுசெய்து காதைக் கொடுக்க வேண்டாம். அவர்கள் எடுத்துக் காட்டுவது உங்கள் காதிலிருந்து வந்ததா என்பதே சந்தேகம், கம்பி சுத்தமானதா என்பது அதைவிடச் சந்தேகம்.

இனி எண்ணெய். நம் பக்கத்தில் எண்ணெய்க் குளியல் வெறும் வழக்கமாக மட்டும் இல்லை. ஆத்தா கையால் உச்சியில் எண்ணெய் வைப்பதில் இருக்கும் வாஞ்சையை நான் அறிவேன், அதை விடச் சொல்லவில்லை. தலைக்கும் உடம்புக்கும் தாராளமாகத் தேய்க்கட்டும். காதுத் துளைக்குள் விடுவதில் மட்டும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்லலாம். செவிப்பறை முழுதாக இருப்பது உறுதியாகத் தெரிந்த காதில், ஆறிய எண்ணெய் இரண்டு சொட்டு குறும்பியை இளக்கும், இது உண்மை. கடையில் விற்கும் சொட்டு மருந்துகளும் சமையல் எண்ணெயும் வெறும் நீரும் இந்த வேலையில் ஒன்றுக்கொன்று பெரிதாகச் சளைத்தவை என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. காய்ச்சிய சூட்டோடு ஊற்றினால் தோலும் செவிப்பறையும் வெந்துவிடும். இதுவும் உறுதி, அப்படி வெந்த காதுகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். தட்டிப் போட்ட பூண்டின் காரம் நுண்ணிய தோலை அரிக்கும். நரம்பு இழப்பிலோ நடுச்செவி நோயிலோ எண்ணெயால் எந்தப் பயனும் கிடையாது, ஏனென்றால் செவிப்பறை முழுதாக இருந்தால் அது அங்கே போவதே இல்லை. ஓட்டை இருந்தால் போகும், போனால் தொற்றையும் கூட்டிக்கொண்டு போகும். சந்தேகத்துக்கு இடமானது ஒன்று உண்டு: வாடிக்கையாக எண்ணெய் விடுவதால்தான் காளான் தொற்று வருகிறது என்று பலர் சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காதரிப்போடு வருபவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் எண்ணெய் விட்டேன் என்பார்கள். ஆனால் அரிப்பு வந்ததால் விட்டார்களா, விட்டதால் அரித்ததா என்பதை அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கிறது என்பது என் கருத்து, நிரூபணம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

அந்தக் காளான் தொற்றைப் பற்றி இரண்டு வரி. ஊருணியிலும் கிணற்றிலும் முங்கிக் குளிப்பவர்களுக்கும், எந்நேரமும் காதுக்குள் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கும் இது அதிகம். தாங்க முடியாத அரிப்பு, அடைப்பு. உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாள்போல் வெண்மையும் கரும்புள்ளிகளுமாக இருக்கும். கரும்புள்ளி ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. சுத்தம் செய்து பூஞ்சைக்கான சொட்டு மருந்து போட்டால் சரியாகும். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி விட்டுக்கொண்டே போனால் பூஞ்சை இன்னும் செழிக்கும்.

குழந்தைக்கு எண்ணெய் விட வேண்டாம். காதிலும் வேண்டாம், மூக்கிலும் வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை. குளிப்பாட்டும் அப்பத்தா மனம் கோணாமல் இதைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. மருத்துவர் சொன்னார் என்று என்மேல் போடுங்கள். படுக்க வைத்துப் பாலூட்டாமல் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து ஊட்டட்டும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கை வாட்டிலும் இருப்பதால் சளியும் பாலும் எளிதில் காதுக்கு ஏறும். காது வலியும் சீழும் அதனால்தான் பிள்ளைகளுக்கு அதிகம். சீழ் வடிவது 'வயசானால் தானாக நிற்கும்' என்று விட்டுவிடக் கூடாது. அதிலும் சீழ் கொஞ்சமாகவும் நாற்றம் அதிகமாகவும் இருந்தால், எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. பிறந்தவுடன் செய்யும் கேள்திறன் சோதனை குழந்தைக்கு ஆயிற்றா என்று கேளுங்கள். ஆகவில்லையென்றால் இப்போது செய்துவிடுங்கள். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோர் என்றால் இன்னும் அவசியம், மரபு வழிச் செவித்திறன் குறைபாட்டுக்கு அங்கே வாய்ப்பு கூடுகிறது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் செவிக்கருவி மாட்டிய குழந்தை பேசக் கற்பதற்கும், மூன்று வயதில் கண்டுபிடித்த குழந்தை கற்பதற்கும் இடையே மலையளவு தூரம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வந்ததால். 'சில வருஷமாகவே கூப்பிட்டால் திரும்புவார், ஆனால் சொன்னது விளங்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தத் திடீர் அடைப்போடு சேர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வயதால் வரும் நரம்புத் தேய்வு முதலில் உயர்ந்த ஒலிகளைத் தின்னும். உயிரெழுத்துகள் தாழ்ந்த, வலுவான ஒலி, அவை கேட்கும். ச, த, ப போன்றவை மெலிந்து மறையும். எனவே குரல் கேட்கும், சொல் பிரியாது. நம் பெரிய வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயர்ந்த மச்சு, துணியோ மெத்தையோ இல்லாத நீண்ட பட்டாலை: ஒலி எதிலும் உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். இளங்காது அதைச் சமாளித்துவிடும். தேய்ந்த காதுக்கு ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் ஏறி எல்லாம் கலங்கிப் போகும். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து ஆத்தா அழைத்து முகப்பில் இருக்கும் அப்பச்சி பதில் சொல்லவில்லையென்றால் அது அலட்சியமில்லை. பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது. இன்னொரு நாள் முறையான கேள்திறன் பரிசோதனை செய்து, தேவையானால் அவர் இழப்புக்கு ஏற்ப அளவமைத்த செவிக்கருவி வாங்கலாம். எல்லா ஒலியையும் ஒன்று போலப் பெருக்கும் மலிவான கருவி அந்த எதிரொலியையும் சேர்த்துப் பெருக்கும், இரண்டாவது நாளே மேசை இழுப்பறைக்குப் போய்விடும். செவிக்கருவி மறதி நோயைத் தடுக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம்: செவித்திறன் இழப்பும் மறதி நோயும் சேர்ந்து வருவது பல ஆய்வுகளில் தெரிகிறது. கருவியால் அது தடுபடுமா என்று 2023-இல் வெளியான பெரிய ஆய்வில் மொத்தப் பேரிடமும் வித்தியாசம் தெரியவில்லை, ஏற்கெனவே ஆபத்து மிகுந்திருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் பலன் தெரிந்தது. பேச்சு புரிய வேண்டும், பேரப்பிள்ளையோடு பேச வேண்டும் என்ற காரணமே கருவி வாங்கப் போதும்.

நாளை எங்கே போவது என்றால், கேள்திறன் பரிசோதனை அறை உள்ள இடமாகப் பாருங்கள். காரைக்குடியில் தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே பிரிவு உண்டு. வாய்க்கு எளிதான ஒரு வாக்கியத்தை அப்பச்சியிடம் சொல்லி அனுப்புங்கள்: "ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்து ஒரு காது கேட்கவில்லை." 'அடைப்பு' என்று மட்டும் சொன்னால் வரிசையில் கடைசியில் உட்கார வைத்துவிடக்கூடும், எந்த நாளிலிருந்து என்று சொன்னால் விஷயம் புரிந்த மருத்துவர் உடனே நிமிர்வார். அதுவரை அந்தக் காதில் எண்ணெய், சொட்டு மருந்து, பட்ஸ் எதுவும் வேண்டாம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போகட்டும்.

விமானப் பயணம் அடுத்த மாதம் என்பதால் இப்போது ரத்து செய்ய வேண்டியதில்லை. குறும்பி என்று தெரிந்து எடுத்துவிட்டால் பறப்பதில் தடை எதுவுமில்லை. கடும் சளி இருந்தால்தான் இறங்கும்போது செவிப்பறை இழுபட்டு வலிக்கும். இறங்கத் தொடங்கியதும் விழித்திருந்து அடிக்கடி எச்சில் விழுங்கவோ மிட்டாய் சுவைக்கவோ செய்தால் போதும். நரம்பு இழப்பு என்று சிகிச்சை நடந்தால், குறிப்பாகச் செவிப்பறை வழியே ஊசி போட்டிருந்தால், பயண நாளை அந்த மருத்துவரே குறிக்கட்டும். எதுவானாலும் இங்கே எடுத்த கேள்திறன் வரைபடத்தின் நகலை அவர் பையில் வைத்தனுப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் மறுபடி ஒரு பரிசோதனை செய்தால், காது எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.